இரண்டு லாரிக்கு வேண்டிய இடம்

எங்கள் ஊரான காஜா பெராங்கில் என் வீட்டுக்காரர் பொன்னுதுரையை 'எட்டத்துரை' என்பார்கள். முன்னால் போகிற வண்டியை விட்டு எப்போதும் எட்டியே வருவார் என்பதற்காக மற்ற டிரைவர்கள் கேலியாக வைத்த பெயர். எனக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. சோற்றுப் பானையை விட்டு மட்டும் மனுஷன் எட்டி இருந்ததில்லை என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம் அது. வெள்ளைக்காரக் கம்பெனியின் லாரிகளை அவன் எடுத்துக்கொண்டான், டிரைவர்களையும் சேர்த்தே. பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பு மாட்டி, அதன் புகையில்தான் லாரிகள் ஓடின. பிரேக்குக்கு உரிய எண்ணெயும் இல்லை. தேங்காயெண்ணெயை ஊற்றிச் சமாளித்தார்கள். பெண்களான எங்களுக்குக் குருபோங் பக்கம் மரவள்ளித் தோட்டத்தில் வேலை. சாயங்காலம் திரும்பும்போது முன்னால் காரில் ஜப்பான்கார சார்ஜெண்ட், அடுத்து நாங்கள் ஏறிய லாரி, அதன் பின்னால் கிழங்கு மூட்டைகளோடு என் வீட்டுக்காரர், கடைசியாக இன்னொரு மூட்டை லாரியில் ஷரீஃபுதீன் பாய்.

வழியில் மூட்டைகள் காணாமல் போகின்றன என்று சார்ஜெண்டுக்குச் சந்தேகம். லாரிகள் ஒன்றையொன்று ஒட்டியே வர வேண்டும் என்று உத்தரவு போட்டான். என் வீட்டுக்காரர் எட்டியே வந்தார், இறங்கியதும் கன்னத்தில் அறை வாங்கினார். மறுநாளும் எட்டியே வந்தார், மறுநாளும் அறை. இனி ஒரு தடவை இடைவெளி தெரிந்தால் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று சார்ஜெண்ட் மலாயில் கத்திவிட்டுப் போனான். சயாமுக்குப் போன எங்கள் தெரு ஆண்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒட்டித்தான் வந்து தொலைங்களேன். கன்னம் வீங்கிக் கெடக்கு," என்றேன்.

"பாயோட பிரேக்கு சுத்தமா போச்சு. வெளிய சொன்னா, வேணும்னே கெடுத்துட்டான்னு அவரத்தான் கொல்லுவானுங்க. அவரு என்னை இடிச்சா, நான் போயி உங்க லோரிய இடிப்பேன். அதுல கடைசியில பின்பலகை ஓரமா யாரு உக்கார்றா?"

"நான்தான். நாளைக்கி உள்ள தள்ளி உக்காந்துக்கறேன்."

"அப்ப அங்க வேற ஒருத்தி உக்காருவா. பாயால நிறுத்த முடியாது. அவருக்கும் சேத்து நாந்தான் முன்னால எடம் விடணும்."

"சயாமுக்கு அனுப்பிட்டான்னா?"

வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே அவர் நடந்தார்.

மறுநாள் நான் அதே பலகை ஓரத்தில்தான் உட்கார்ந்தேன். திரும்பும் வழியில் வளைந்து இறங்கும் ஒரு சரிவு உண்டு. அதன் அடியில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. சார்ஜெண்டின் கார் நின்றது, எங்கள் லாரியும் குலுங்கி நின்றது. பின்னால் பாயின் ஹாரன் ஓயாமல் அலறியது.

வளைவைத் தாண்டி என் வீட்டுக்காரரின் லாரி வந்தது. வெகுதூரத்தில்தான் வந்தது. அவர் உடனே நிறுத்தவில்லை. ஓடவிட்டுக்கொண்டே பாயின் லாரியைத் தன் முதுகில் வாங்கினார். அவர் லாரியின் பின்பலகை உடையும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு லாரியின் பாரத்தையும் தன் ஒரு பிரேக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடித்தார். விட்டுவைத்த இடம் முழுவதும் கரைந்துகொண்டே வந்தது. பெண்கள் அலறினார்கள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி நின்றபோது அதன் மூக்கு எங்கள் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் கால்களை எப்போது தூக்கிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

சார்ஜெண்ட் இறங்கி வந்தான். மூன்று லாரிகளையும் பார்த்தான். ஒட்டி நின்றதால், உடைந்த பலகை அவன் கண்ணில் படவில்லை. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தான், நுழையவில்லை.

"பாகுஸ்," நன்றாக இருக்கிறது என்று சொல்லி என் வீட்டுக்காரர் தோளில் தட்டினான். அவர் குனிந்து வணங்கினார். அன்றோடு சார்ஜெண்டுக்குச் சந்தேகம் தீர்ந்தது, திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

கார் கிளம்பியது, எங்கள் லாரியும் கிளம்பியது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். எங்களை வெகுதூரம் போகவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். பாய் முதல் கியரில் பின்னால் ஊர்ந்து வந்தார்.

லாரியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என் வீட்டுக்காரரு," என்றேன், அவர்களுக்குத் தெரியாதது போல.