இருபத்து நான்கு சிப்பும் ஒரு துரையும்

இன்று காலை, சுங்கை பட்டாணி பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் வீட்டின் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மாப்பிள்ளை உதிரிகளை வாங்கி விளையாட்டுக் கணினி ஒன்றைத் தானே பூட்டப் போகிறாராம். பதினொரு அட்டைப் பெட்டிகள், எண்ணிவிட்டேன். விசிறிகள் மட்டும் ஆறு. ஆறுக்கும் வண்ண விளக்கு, தைப்பூசத்துக் காவடி மாதிரி. பெட்டியின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருக்கிற கம்பிகளை யார் பார்க்க வேண்டும்? என் வயிற்றுக்குள் இருப்பதை நான் ஊருக்குக் காட்டிக்கொண்டா திரிகிறேன்?

"பட்ஜெட்லதான் மாமா செய்றேன். இதவிட மூராவா முடியாதுலா" என்று கைப்பேசியில் ஒரு பட்டியலைக் காட்டினார். மூரா என்றால் மலிவு. எந்தப் பாகம் எதோடு சேரும் என்று அதுவே சொல்கிறதாம். சேராததைத் தொட்டால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கிறதாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தப்பு செய்ய வழியே இல்லாதபோது இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

அப்புறம் அவர் ஒரு பையைக் கிழித்துப் போர்டை வெளியே எடுத்தார். புது போர்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. பூட்டிய அலமாரியைப் பல நாள் கழித்துத் திறந்தது போல, கொஞ்சம் அரக்கு, கொஞ்சம் ஈயம். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த வாசனை என் மூக்குக்கு வரவில்லை. வராமலே இருந்திருக்கலாம்.

எண்பதுகளின் முன்பாதி. குருணுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கன். மணியம் அதே தோட்டத்து ஆலையில் மின்சார வேலை பார்த்தான். என்னைவிட நான்கு வயது இளையவன். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறிச் சுங்கை பட்டாணிக்குப் போவோம். அங்கே ஒரு கடையில் காசு போட்டு விளையாடும் பெட்டிகள் இருந்தன. மேலிருந்து வரிசை வரிசையாகப் பூச்சிகள் இறங்கும், கீழிருந்து சுட வேண்டும். ஒரே வருடத்தில் நான் போட்ட இருபது காசு நாணயங்கள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மணியத்தை ஜெயித்தது மூன்று முறை. அந்த மூன்றில் ஒரு முறை அவனுக்குக் காய்ச்சல்.

"அண்ணே, இந்தக் காசுக்கு நாமளே ஒண்ணு பூட்டிறலாம்ணே" என்று ஒருநாள் திரும்பும் பஸ்ஸில் சொன்னான். அமெரிக்கக் கணினி ஒன்றின் நகல் தைவானிலிருந்து உதிரி உதிரியாக பினாங்குக்கு வருகிறதாம். வெற்றுப் போர்டை வாங்கி நாமே சிப்பு செருகிக்கொள்ளலாமாம்.

அந்த மாதமே எங்கள் துரை ஆபீஸில் ஒரு செய்தி சொன்னார். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் போய் வெகுநாளாகிவிட்டது. இவர் நம்மைவிடக் கறுப்பு, ஆனால் நாற்காலி அதே நாற்காலி. சுங்கை பட்டாணியில் இருக்கும் தலைமை ஆபீஸுக்குக் கணினி வரப்போகிறது, தோட்டங்களிலிருந்து ஒரே ஒரு கிராணியை எடுப்பார்கள், செக்ரோலைக் கணினியில் போட்டுக் காட்டுகிறவன் பெயரை எழுதி அனுப்புகிறேன் என்றார். செக்ரோல் என்பது தொழிலாளர்களின் வருகையும் அவர்கள் இறக்கிய ரப்பர் பாலின் எடையும் சம்பளமும் எழுதும் பேரேடு. அதை நான் ஒன்பது வருடம் கையால் எழுதி வந்தேன். டவுன் வேலை, டவுன் வீடு. எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

மனைவியிடம் கணினி ஆபீஸ் வேலைக்கு என்று மட்டும் சொன்னேன். அவள் நானும் மணியமும் எழுதிய உதிரிப் பட்டியலை வாங்கிப் படித்தாள். "வேலைக்குன்னா இந்தக் குச்சி ரெண்டு எதுக்கு?" என்றாள். ஜாய்ஸ்டிக்கைச் சொன்னாள். படிக்கத் தெரிந்த பெண்ணைக் கட்டியது தப்பு என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பெர்ரியில் கடலைக் கடந்து பினாங்குக்குப் போனோம். கடை மாடியில் இருந்தது. பத்தொன்பது படி. சீனக் கடைக்காரர் வெற்றுப் போர்டு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, "மாவ் மூரா கா, மாவ் பாகுஸ் கா?" என்றார். மலிவானது வேண்டுமா, நல்லது வேண்டுமா. இரண்டும் வேண்டும் என்று மணியம் மலாயில் சொன்னதற்கு அவர் சிரிக்கவே இல்லை.

நினைவுச் சிப்பு மட்டும் இருபத்து நான்கு வேண்டும். புதியதும் இருந்தது, வேறு போர்டிலிருந்து பிடுங்கியதும் இருந்தது. பிடுங்கியதன் கால்கள் கறுத்திருந்தன, விலை பாதி. பதினாறு புதியது, எட்டு பழையது என்று முடிவு செய்தோம். விசைப்பலகையில் ஒரு எழுத்து மட்டும் அழுத்தினால் எழாது. அதற்காக விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். பெட்டி வேண்டாம், பலகையில் ஆணி அடித்து நிறுத்திக்கொள்ளலாம். திரைக்கு என் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவி. பதிந்து வைக்க மணியத்தின் கேசட் ரெக்கார்டர்.

கடைசியாக பவர் சப்ளை. ஒரு தகரப் பெட்டி. நான்கு விதமான கரண்டைப் பிரித்துக் கொடுக்கும். அதை வாங்கினால் ஜாய்ஸ்டிக் இல்லை.

"அண்ணே, ஒரு குச்சிய விடுங்க. ரெண்டையும் வேணா விடுங்க. பவர்ல மட்டும் கைய வைக்காதீங்க" என்றான் மணியம்.

"நீ எலக்ட்ரிசியன்தானே? ஒரு பெட்டி செய்யத் தெரியாதா உனக்கு? சும்மாவா ஆலையில சம்பளம் குடுக்குறான்?" என்றேன். பேனாவை எடுத்துப் பட்டியலில் அந்த வரியை அடித்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். மணியம் படியைப் பார்த்தான்.

தஞ்சோங் டாவாய் மீன்பிடிக் கிராமத்தில் ஒரு படகுக்காரரின் உடைந்த ஆம்ப்ளிஃபையரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி வந்து மணியம் பெட்டி செய்தான். சூடேறினால் கருவாடு நாறும். ஆனால் ஓடியது. ஆறு வாரம் ஓடியது. முப்பத்தெட்டுப் பேரின் பெயரும் எடையும் ஏற்றி, கூட்டிக் காட்டும்படி நான் எழுதினேன். கேசட்டிலிருந்து ஏற ஆறு நிமிடம். விளையாட்டு ஏற நான்கு நிமிடம். எந்தக் கேசட் அதிகம் ஓடியது என்று கேட்காதீர்கள்.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மின்சாரம் தோட்டத்து எஞ்சின் வீட்டிலிருந்து வரும். மாலையில் நான்கு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை பகலில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எஞ்சின்காரர் மூன்று முறை விளக்கை மங்க வைப்பார். அதுதான் அறிவிப்பு. உடனே எல்லா வீட்டிலும் விசிறி, விளக்கு, டிவி என்று பட்பட்டென்று அணைத்துவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வீடு ஒரே சமயத்தில் அணைத்தால் எஞ்சினுக்குச் சுமை போய்விடும், கரண்டு எகிறும். அணைக்காமல் விட்ட பல்பு வெள்ளையாகச் சீறும். அதனால் இரண்டே முக்காலுக்கு நாங்கள் கணினியை நிறுத்திவிடுவோம். ஒருநாளும் தவறியதில்லை.

துரை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். செக்ரோலை ஏற்றிக் காட்டினேன். ஒரு பெயரைச் சொன்னார், எடை வந்தது. இன்னொரு பெயர், அதுவும் வந்தது. மொத்தத்தைத் தன் பேனாவால் கூட்டிப் பார்த்தார், சரியாக இருந்தது. "குட். நாளைக்கே எழுதுறேன்" என்றார். எழுந்து போயிருந்தால் இதை நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. அந்த மனிதரின் கண் ஜாய்ஸ்டிக் மேல் விழுந்தது.

"இது என்னா?"

"சும்மா விளையாட்டு, தொர" என்றான் மணியம்.

"போடு, பாப்போம்."

போட்டான். துரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று முறை செத்தார். நான்காவது முறை பிடித்துக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு பூச்சிகளைச் சுட்டார். மணி இரண்டே முக்கால்.

"அண்ணே, சொல்லுங்கண்ணே" என்றான் மணியம் காதோடு.

"நீ சொல்லுடா."

"நான் கூலிண்ணே. நீங்க கிராணி."

நான் இரண்டு முறை இருமினேன். "தொர, தேத்தண்ணி ஆறுது" என்றேன். "ஒரு நிமிஷம்" என்றார். துரை பங்களாவுக்குத் தனி எஞ்சின். அங்கே விளக்கு ஒருநாளும் மங்கியதில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? பிளக்கைப் பிடுங்க ஒரு கை போதும். அறையில் எங்கள் கை நான்கு. துரை ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பிடுங்குகிற கை அந்தத் தோட்டத்தில் யாருக்கும் இல்லை.

டிவி ஒருமுறை சுருங்கியது. இரண்டு. மூன்று. லயம் முழுக்க சுவிட்சுகள் அணையும் சத்தம் கேட்டது. அப்புறம் என் தலைக்கு மேலே பல்பு சீறியது. கருவாட்டு நாற்றம், அதன்மேல் ரப்பர் கருகுகிற நாற்றம். இருபத்து நான்கு சிப்பும் போயின. பின்னால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், பழையது புதியது என்று பார்க்காமல் எல்லாம் சுட்டன.

துரை குச்சியைக் கீழே போட்டார். "வாட் இஸ் திஸ்?"

"பவர் பெட்டி மணியம் செஞ்சது, தொர" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

துரை மணியத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஆலையிலயும் இப்படித்தான் வேல செய்றியா நீ?"

மணியம் என்னைப் பார்த்தான். நான் டிவியைப் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை.

மறுநாள் துரை என் பெயரை எழுதினார். கணக்கில் பிழை இல்லையே, பிழை பெட்டியில்தானே. இருபத்து மூன்று வருடம் தலைமை ஆபீஸில் இருந்தேன். இந்த வீடு அந்தச் சம்பளத்தில் வாங்கியது. மணியத்தின் வேலையை அந்த மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன். மூன்று மாதத்தில் அவன் குருணில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான்.

அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அந்தப் பட்டியலில் வரியை அடித்தது யார் என்று துரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன், இருவரும் சண்டை போட்டிருப்போம், அதோடு போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றான். அப்படி நின்றால் எதிரில் இருப்பவன் என்ன செய்வது?

தோட்டம் இப்போது இல்லை. லயத்தை இடித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், செம்பனையையும் வெட்டி வீடு கட்டினார்கள். எஞ்சின் வீடு எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னால் எனக்கே தெரியாது. மணியத்தை அப்புறம் ஒரே ஒருமுறை குருண் சந்தையில் பார்த்தேன். கையில் கீரைக்கட்டு. நான் ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டான். முகத்தில் கோபமில்லை, மரியாதையாக நின்றான்.

"சௌக்கியமா இருக்கீங்களா, கிராணி ஐயா?" என்றான்.

"இருக்கேன்" என்றேன். அவன் கீரையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தான். சந்தையின் கடைசிக் கடை வரைக்கும் நாற்பத்தோரு அடி. அதற்குள் ஒருமுறையாவது "அண்ணே" என்று திரும்பிக் கூப்பிடுவான் என்று நின்று பார்த்தேன்.