மாப்பிள்ளைக்குப் பூட்டிவைத்த அறை

எங்கள் ஊர்ப் பொடியன்மார் குழுக்களாகச் சேர்ந்து அடிபடுவதற்கு ஐந்து காரணங்கள் இருப்பதாகப் பள்ளிவாசல் மண்டபத்தில் வைத்து முடிவாகிவிட்டது. கைத்தொலைபேசி, சினிமா, வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார், தொழுகையில் பொடுபோக்கு, பெண்பிள்ளைகள் வீதியில் திரிவது. ஐந்தாவது காரணம் திரையில் விழுந்தபோது ஆண்கள் பக்கத்தில் பலர் தலையாட்டினார்கள். எந்தப் பெண்பிள்ளை எந்த வீதியில் திரிந்ததால் கடற்கரைக் கிரிக்கெட் போட்டியில் ஒருவனின் மணிக்கட்டு உடைக்கப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

திரையில் அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தவள் நான். கணினி தெரிந்தவள் என்று சொல்லி, பெண்கள் பக்கத்து மறைப்புக்குப் பின்னால் மேசை போட்டு இருத்தியிருந்தார்கள். பேசியவர்களில் ஒருவர் என் வாப்பா. பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்.

"அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் புறகு தன்ட மகன் எங்க இரிக்கான் எண்டு தெரியாத வாப்பா, ஒரு வாப்பாவா?" என்று ஒலிவாங்கியில் கேட்டார்.

அவருடைய மகன், என் ஒரே தம்பி, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றான். கழுத்தில் 'தொண்டர்' என்று எழுதிய அட்டை தொங்கியது. கதிரை போட்டது, குளிர்பானம் கொடுத்தது, வாசலில் மோட்டார் சைக்கிள்களை நிரைப்படுத்தியது எல்லாம் அவனும் அவனுடைய குழுவும்தான். எந்தக் குழுக்களை ஒழிக்கக் கூட்டம் கூடியதோ, அதில் ஒன்றுதான் கூட்டத்தை நடத்தியது. இது ஊரில் யாருக்கும் முரணாகப் படுவதில்லை. தேர்தலுக்குச் சுவரொட்டி ஒட்டவும், காணிச் சண்டையில் வேலிக்கட்டை பிடுங்கவும் பெரியவர்களுக்கு இவர்கள் வேண்டும். வேலை முடிந்த பிறகுதான் இவர்கள் சமூகத்தின் சாபக்கேடு.

தீர்வாக ஓர் உபகுழு அமைத்தார்கள். சந்தியில் ஒரு பதாகை கட்டுவது என்றும் தீர்மானித்தார்கள்.

எனக்குத் தெரிந்த காரணம் திரையில் வரவில்லை. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டுக் கல்முனையில் வீட்டு வரைபடம் கீறுகிறவள். எங்கள் பகுதியில் வீடு மகளுக்குத்தான். மகளுக்குக் கலியாணமானால் மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வந்துவிடுவார். மகனும் அப்படித்தான், தான் கட்டப்போகிறவளின் வீட்டுக்குப் போவான். பெண்ணுக்குக் கூரை இருக்கிறது என்ற அளவில் இந்த வழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மீசை முளைப்பதற்கும் கலியாணத்துக்கும் இடையில் மகன் எங்கே இருப்பான் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நிந்தவூரிலிருந்து ஒருவர் படம் கீறுவிக்க வந்தார். மாப்பிள்ளை அறை, குழாய்த் தண்ணீரோடு குளியலறை, விருந்தாளி அறை, மோட்டார் சைக்கிளுக்குத் தனிக் கொட்டகை எல்லாம் சொன்னார்.

"உங்களுக்கு மகன்மார் எத்தின பேர்?" என்று கேட்டேன்.

"மூணு பேர்."

"அவங்க எங்க படுப்பாங்க?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆம்பிளப் பொடியன்மார்தானே பிள்ள. எங்கயாவது கிடப்பானுகள்."

மோட்டார் சைக்கிளின் நீள அகலத்தை மட்டும் அளந்தே கொண்டுவந்திருந்தார்.

எங்கள் வீடும் அந்த இனம்தான். எனக்குப் பேசிய மாப்பிள்ளை கட்டாரில் இருக்கிறார். அவருக்கென்று ஓர் அறை ஆயத்தமாகிவிட்டது. கட்டில், அலுமாரி, குளிரூட்டி எல்லாம் உண்டு. மெத்தையின் பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றவில்லை. அறை பூட்டியே கிடக்கும், திறப்பு உம்மாவின் தலையணைக்குக் கீழே. கட்டாரிலிருப்பவரின் மெத்தையில் தூசு படியாமல் வாராவாரம் துடைப்பார்கள். தம்பியின் உடுப்பு ஒரு பயணப் பையில், உம்மாவின் அலுமாரிக்குக் கீழே. அவன் வீட்டு மண்டபத்துச் சோபாவில் கிடந்தான், பிறகு விறாந்தையில் கிடந்தான், பிறகு வீட்டில் கிடப்பதையே விட்டுவிட்டான். வாப்பா அதை வழிகேடு என்றார்.

கூட்டம் நடந்த கிழமையே உம்மா பகல் சோறு கட்டித் தந்து, அவன் இருக்கும் இடத்துக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். கடற்கரை வீதியில், மூடிக்கிடக்கும் ஒரு கடைக்கு மேல்மாடி. அரசியல்வாதி ஒருவரின் ஆள் அந்த இடத்தை இவர்களுக்கு வாடகையில்லாமல் கொடுத்திருந்தார். படியேறும்போதே சத்தம் கேட்டது.

"டேய், சட்டையப் போடுங்கடா! இவன்ட ராத்தா வாறா!"

அந்த வீரர்களைப் பற்றி எனக்கு ஒரு மயக்கமும் இல்லை. ஒரே நிறச் சட்டை, ஒரே மாதிரி வெட்டிய தலைமயிர், சைலன்சரைக் கழற்றினால் ஆண்மை வந்துவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் அந்த அறையைப் பார்த்தபோது என் தொழில் கண் விழித்துக்கொண்டது. சுவரில் ஆளுக்கொரு ஆணி. ஆளுக்கொரு பாய். கைத்தொலைபேசிக்குப் போதிய மின்செருகிகள். எந்த நாள் யார் கூட்டிப் பெருக்குவது என்று கரிக்கட்டியால் சுவரில் எழுதியிருந்தது. தம்பியின் பெருநாள் சட்டை அவனுடைய ஆணியில் கசங்காமல் தொங்கியது.

"ஊட்ட விட ஒழுங்கா இரிக்கே" என்றேன்.

"ஓம் ராத்தா," என்றான் ஒருவன். "உங்கட வாப்பாட பயானைக் கேட்டுத் திருந்திட்டம்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். மூலையில் சாக்கால் மூடி இரும்புக் குழாய்த் துண்டுகள் கிடந்தன. எல்லாம் ஒரே நீளம், ஒரு முழம். நுனியில் டியூப் ரப்பர் சுற்றியிருந்தார்கள்.

"இது என்னத்துக்கு?"

"கூடாரம் அடிக்க."

"கோழிக்குஞ்சுக்கா கூடாரம்? கைப்பிடியும் வெச்சிரிக்கீங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தம்பி என்னைப் படிவரை கூட்டிக்கொண்டு வந்தான்.

"போங்க ராத்தா. ஊட்ட சொல்ல வேணாம்."

"அடிபாடு எப்ப?"

"சனிக்கிழமை. பின்னேரம், அசர் தொழுகைக்குப் புறகு. அவனுகள் எங்கட பொடியன்ட கைய உடைச்சானுகள். சும்மா விடுறதா?"

"நீ போகாட்டி?"

"போகாட்டி இஞ்ச கிடக்க ஏலாது."

வாடகை அதுதான். "அப்ப ஊட்ட வாவன்" என்றேன்.

"ஊட்ட எங்க? சோபாவிலயா? ஆக்கள் வருவாங்க எண்டு உம்மா விடிய முந்தி எழுப்பிவிடுவா."

அவனுக்கு நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. அறிவுரை பள்ளிவாசல் மண்டபத்தில் தாராளமாகக் கிடைத்திருந்தது. வீட்டுக்கு வந்து திறப்பைக் கேட்டேன். உம்மா தரவில்லை. நான் திருப்புளி எடுத்துப் பூட்டையே கழற்றினேன்.

"என்னகா செய்றாய்? பைத்தியமா உனக்கு? மாப்பிள்ளைட கட்டில்கா அது!"

"மாப்பிள்ள கட்டார்ல, உம்மா. கட்டில்தான் இஞ்ச சும்மா கிடக்கு."

பொலித்தீனைக் கிழித்தேன். வேறு பூட்டுப் போட்டேன். பயணப் பையிலிருந்ததை அலுமாரியில் அடுக்கினேன். உபகுழுவிலிருந்து திரும்பிய வாப்பா வாசலில் நின்று, "ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

"மஃரிபுக்குப் புறகு மகன் எங்க எண்டு நீங்க கேட்டீங்க. இந்த அறைக்குள்ள எண்டு சொல்லுங்க, வாப்பா."

அவர் என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார். மறுநாளே மாப்பிள்ளையின் உம்மா தொலைபேசி எடுத்தார். செய்தி எப்படிப் போனது என்று விசாரிப்பது எங்கள் ஊரில் வீண்வேலை.

"என்ட மகனுக்குப் போட்ட கட்டில்ல வேற ஆள் படுக்கிறதா பிள்ள?"

"வேற ஆள் இல்ல மாமி. என்ட தம்பி."

"ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். மாப்பிள்ளை ஒரு குரல் செய்தி அனுப்பினார்: "நான் உம்மாட்ட கதைக்கிறன். ஆனா நான் வரக்குள்ள அந்த அறை காலியா இரிக்கோணும்." எட்டுப் பேரோடு ஓர் அறையில் கிடப்பவர் அவர். நிலைமை விளங்கும் என்று நினைத்திருந்தேன். "நீங்க வரக்குள்ள ஒரு அறை இரிக்கும்" என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

ஓர் அறையால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். பொடியன்மாருக்கு ஐஸ் போதைப்பொருள் விற்கிறவனைப் பிடிப்பது பொலிஸின் வேலை. பொடியன்மாரைக் கூலிப்படையாக வைத்திருக்கும் பெரியவர்களை மேடையிலிருந்து இறக்குவது ஊரின் வேலை. இரண்டும் நடக்கும்வரை ஒரு கதவையாவது திறந்து வைக்கலாம். அதற்கு உபகுழு தேவையில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, செய்தி கேள்விப்பட்டுத் தம்பி வந்தான். அறை வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புதுத் திறப்பை அவன் கையில் கொடுத்தேன்.

"மச்சான் வந்தா?"

"வந்தாப் பார்ப்பம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். திறப்பு இரண்டு முறை திரும்பும் சத்தம் கேட்டது. பரிசோதித்தான் போல.

சனிக்கிழமை அசர் முடிந்து கொஞ்ச நேரத்தில் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. ஹோர்ன் அடித்தார்கள். தம்பி கடற்கரைக்குப் போய்விட்டு வந்து அப்படியே கட்டிலில் கிடந்தான். சத்தம் கேட்டு எழும்பி உட்கார்ந்தான். நான் வீட்டு மண்டபத்தில் இருந்தேன்.

"டேய் புது மாப்பிள! பொண்டாட்டி விட மாட்டாளாமா?" என்று படலையிலிருந்து கத்தினார்கள்.

உம்மா அடுப்படியிலிருந்து வந்தார். நான் பூட்டைக் கழற்றிய நாளிலிருந்து அந்த அறைப் பக்கம் திரும்பாதவர், வாசலில் நின்று மகனைப் பார்க்காமல் படுக்கை விரிப்பைப் பார்த்தார்.

"கால் முழுக்க மண். புது விரிப்புடா அது. காலக் கழுவிட்டு வந்து கிடவன்."

அவன் இறங்கினான். தண்ணீர்க் குழாய் எங்கள் வளவில் படலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவன் நடந்து போவதை யன்னலால் பார்த்தேன். ஒருவன் பின் இருக்கையைத் தட்டிக் காட்டினான். இன்னொருவன், "ஏறுடா, பயந்தாங்கொள்ளி!" என்றான். தம்பி குனிந்து ஒரு காலைக் கழுவினான், பிறகு மற்றக் காலைக் கழுவினான். விரல் இடுக்குகளைக்கூட விடவில்லை. தொழுகைக்கு முன் வுழூ செய்யும்போதுகூட அவன் அவ்வளவு பொறுமையாகக் கழுவியதை நான் கண்டதில்லை. அவர்கள் ஏதேதோ சொன்னார்கள். உம்மாவைப் பற்றியும் ஒன்று சொன்னார்கள். அவன் நிமிர்ந்தான்.

குழாயை இறுக்கி மூடிவிட்டு, ஈரக் காலோடு வீட்டுக்குள் வந்தான்.