காரணம் கேட்டவள்

வகுப்பில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். குடிமையியல் வகுப்பில் மற்ற பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் கதை கேட்கிற மாதிரி வாய் பிளந்து உட்கார்ந்திருப்பாள். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறுகிறவள்தான். ஆனால் கைது, விசாரணை, நீதிமன்றம் என்று பேச்சு வந்துவிட்டால் முதலில் உயர்வது அவள் கையாக இருக்கும்.

டீச்சரும் அப்படிப்பட்டவர். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேசுவார். "ஒருத்தரைச் சோதனை போடணும்னா வெறும் சந்தேகம் போதாது. காரணம் இருக்கணும். அந்தக் காரணத்தைக் கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. கேட்டா யாரும் தலையை வாங்கிட மாட்டாங்க" என்று மேசையைத் தட்டிச் சொல்வார். அவள் அதை அப்படியே நம்பினாள். பதினாறு வயதில் நம்பாமல் வேறெப்போது நம்புவது?

அவள் அப்பா அதே பள்ளியில் வேன் ஓட்டினார். அந்த வேலையை வைத்துத்தான் அவளுக்கு அங்கே இடமே கிடைத்தது. அதனால் வீட்டில் சதா ஒரே பல்லவி: "நீ இருக்கிற இடம் தெரியாம இருந்துட்டு வந்துடு."

ஒரு நாள் பள்ளி நிர்வாகியின் மகளுடைய கைப்பேசி காணாமல் போயிற்று. மாணவிகளை வரிசையாக உடைமாற்றும் அறைக்கு அனுப்பினார்கள். பையைக் கொட்டச் சொன்னார்கள். காலணியைக் கழற்றச் சொன்னார்கள். அப்புறம் விளையாட்டு ஆசிரியை மேல்சட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வெளியே வந்த பிள்ளைகளில் ஒருத்தி சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

இவள் முறை வந்தது. பையைத் தானே கொட்டினாள். காலணியையும் கழற்றினாள். அதற்கு மேல் நகரவில்லை.

"உடம்புல கை வைக்கிறதுக்கு என்ன காரணம் மிஸ்? என் மேல சந்தேகமா, இல்ல எல்லார் மேலயுமா?"

விளையாட்டு ஆசிரியை திகைத்துப் போய்த் தலைமை ஆசிரியையைக் கூட்டிவந்தார். அவரிடமும் அதே கேள்விதான்.

"மடியில கனம் இருக்கிறவளுக்குத்தான் வழியில பயம்" என்றார் தலைமை ஆசிரியை.

அன்று சாயங்காலமே அந்தக் கைப்பேசி நிர்வாகியின் காரில், இருக்கைக்கு அடியில் கிடைத்துவிட்டது. கிடைத்ததை யாரும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. கீழ்ப்படியாமைக்காக அவளை முதலில் இடைநீக்கம் செய்தார்கள். அப்பா போய் மன்னிப்புக் கேட்டார். அவள் கேட்க மறுத்தாள். ஒரே வாரத்தில் மகளுக்குப் பள்ளியும் போயிற்று, அப்பாவுக்கு வேனும் போயிற்று.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல எல்லாப் பொண்ணும் வாய மூடிக்கிட்டுத்தானே நின்னாங்க? உனக்கு மட்டும் என்னடி வந்துது?"

செய்தி கேட்டு ஒரு வக்கீல் வீடு தேடி வந்தார். சின்ன வயதுப் பெண், பேச்சில் வேகம். "இது பெரிய கேஸ். இதுல தீர்ப்பு வந்தா எந்தப் பள்ளியிலயும் இப்படிக் கை வைக்க யோசிப்பாங்க" என்றார். பள்ளியில் திரும்பச் சேர்க்க உத்தரவிட வேண்டும், அந்தச் சோதனை சட்டவிரோதம் என்று அறிவிக்க வேண்டும் என்பது மனு. அவள் டீச்சரைச் சாட்சியாகச் சேர்க்கச் சொன்னாள். டீச்சர் வந்தால் போதும், எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தாள்.

டீச்சர் வந்தார். பள்ளித் தரப்பில் வந்தார். கூண்டில் நின்றவரிடம் வக்கீல் கேட்டார்: "சோதனைக்குக் காரணம் கேட்கலாம் என்று வகுப்பில் நீங்கள் சொன்னீர்களா, இல்லையா?"

டீச்சர் கூண்டின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "சொன்னேன். பரீட்சைக்காகச் சொன்னது. நடைமுறைக்குன்னு சொல்லல."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. வெளியே வராந்தாவில் டீச்சர் அவளைத் தாண்டிப் போகையில், "என் நிலைமையையும் நீ பாக்கணும்மா" என்றார். "பாத்துட்டேன் டீச்சர்" என்றாள். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வழக்கு வருஷக்கணக்கில் நத்தையாய் ஊர்ந்தது. நீதிபதி விடுப்பு, எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல், கோப்பு வேறு மாடியில். ஒவ்வொரு முறையும் முகம் கழுவி, தலைவாரிப் போய், வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பினாள். வேறு எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்கவில்லை. "கேஸ் போட்ட பொண்ணா?" என்று கேட்டுவிட்டு இடமில்லை என்பார்கள். தனித்தேர்வு எழுதித் தேறினாள். மேலே படிக்க வழியில்லாமல் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லையைத் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா சரக்கு லாரிக்குப் போனார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். இருக்கிற நாளிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். ஒரு நாள்கூட மகளைக் குறை சொன்னதில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றும்.

தீர்ப்பு வந்த அன்று அவள் கடையில் இருந்தாள். வக்கீல் போனில் வாசித்துக் காட்டினார். வேகமெல்லாம் அடங்கிய குரல். மனுதாரர் எழுப்பும் கேள்வி முக்கியமானது. ஆயினும் அவர் இப்போது பள்ளி வயதைக் கடந்துவிட்டார். அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிடுவதில் பொருளில்லை. எனவே அக்கேள்விக்கு இந்நீதிமன்றம் விடையளிக்கத் தேவை எழவில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.

"அவங்க இழுத்த இழுப்புலதானேக்கா எனக்கு வயசு தாண்டுச்சு?"

"மேல்முறையீடு போகலாம்" என்றார் வக்கீல்.

"வேணாம்க்கா. விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, இயந்திரத்தில் பாதியில் நின்ற கண்ணாடியைத் தேய்த்து முடித்தாள்.

வீட்டுக்குப் போனபோது அப்பா வந்திருந்தார்.

"ஜெயிச்சோமா, தோத்தோமா?"

"ரெண்டும் இல்லப்பா. நான் வளந்துட்டேனாம். அதனால கேள்வியே இல்லையாம்."

அப்பா யோசித்தார். சட்டம் படிக்காத மனுஷன். ஆனாலும் விளங்கிக்கொள்ளப் பார்த்தார். "அப்ப என் வேலை போச்சே, அது?"

அதைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் கை கழுவப் போனார். அம்மா மூவருக்கும் தட்டு வைத்தாள்.