ஓசி வக்கீலின் கட்சிக்காரி

தைலம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வக்கீல் நடனசபாபதி முந்திக்கொண்டு வந்து நிற்கிறார். அது அவர் சுபாவம். எங்கே போனாலும் முன்வரிசை நாற்காலி அவருக்கு வேண்டும். இந்தத் தடவை மட்டும் அவர் கொஞ்சம் பொறுக்கட்டும்.

தைலம்மாள் வீடு சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் ரோட்டோரம். ரைஸ்மில் களத்தில் நெல்லைக் காயவைத்துத் துழாவுகிற வேலை. அதிகம் பேச மாட்டாள். பேசினால் மில் மேஸ்திரியே இரண்டடி தள்ளி நிற்பார். புருஷன் கோவிந்தசாமி 2003-இல் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கருமாதிப் பந்தலைப் பிரிக்கக்கூட இல்லை, அவன் அண்ணன் ராமாமிர்தம், "இது எங்கப்பா சொத்து, காலி பண்ணு" என்று வந்து நின்றார். அடுத்த வருஷம் கோர்ட்டுக்கும் போனார். தைலம்மாளுக்கும் அவள் மகள் பொன்னிக்கும் தலைக்கு மேலே இருந்தது அந்த ஓட்டுக் கூரை ஒன்றுதான்.

இங்கேதான் நடனசபாபதி வருகிறார். ஏழைகளிடம் அவர் பீஸ் வாங்க மாட்டார். பொய்யில்லை, சத்தியமாக வாங்க மாட்டார். கோர்ட்டு வாசலில் டைப் அடித்துப் பிழைக்கிறவன் நான், எனக்குத் தெரியும். பீஸ் கொடுத்தவன் கேஸ் என்றால் கோட்டு காற்றில் பறக்க ஓடுவார். ஓசிக் கேஸ் என்றால் வாய்தா. தைலம்மாளுக்கு வாங்கிய வாய்தாவில் மூன்று பஞ்சாங்கம் மாறிவிட்டன. கேஸ் என்ன ஆச்சு என்று அவள் கேட்டால், "தைலம்மா, நான் காசு வாங்காம பாக்குறேன்" என்பார். எந்தக் கேள்விக்கும் இதுதான் பதில். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று அக்கம்பக்கத்தாரும் சொன்னார்கள். அவளும் மில் களத்துக்குத் திரும்பிவிடுவாள்.

2007-இல் நீதிபதிக்கே அலுத்துவிட்டது. வருகிற புதன்கிழமை தைலம்மாள் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும், இனி வாய்தா கிடையாது என்று சொல்லிவிட்டார். அவளுக்கு ஒரே சந்தோஷம். மழையில் இடிந்த பின்சுவரை யார் கட்டினது, ஓடு மாற்றினது யார் என்று அவள் சொல்லப்போவதையெல்லாம் என் டைப் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று ஒப்பித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் சொன்னாள்.

அதே வாரம் கடலூரில் ஒரு மனிதநேயப் பேரவை முளைத்தது. ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் வக்கீல்களுக்கு விருது கொடுக்கப் போகிறார்களாம். விழா செம்மண்டலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். சிறப்பு விருந்தினருக்கு ஒழிந்த நேரம் புதன்கிழமை காலை பதினொரு மணிதான். விருது வாங்குகிறவர் பயனாளி ஒருவரை மேடைக்கு அழைத்து வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடனசபாபதி யோசித்துப் பார்த்தார். ஓசியில் ஜெயித்த கட்சிக்காரர் யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆகவே தைலம்மாள்.

கைதட்ட ஆள் வேண்டுமென்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். புவனகிரி தாண்டும்போது தைலம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, இன்னைக்கு நம்ம கேஸு இருக்குதுங்களே."

"ஜூனியர் ஸ்ரீமதி அங்க இருப்பா. உனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி ஒரு வாய்தா வாங்கிடுவா."

"ஜட்ஜய்யா இதான் கடைசின்னாரே."

"அவுங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான் காசு வாங்காம பாக்குறேன், உனக்கு எதுக்குக் கவலை?"

மண்டபத்தில் தடபுடல். ஏழை பங்காளர் என்றார்கள், கருணைக் கடல் என்றார்கள். ஒவ்வொரு பட்டத்துக்கும் நடனசபாபதி வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார், அடுத்த பட்டத்துக்கும் காத்திருந்தார். பிறகு பொன்னாடைத் தட்டை ஏந்திக்கொண்டு ஒரு பெண் மேடையேறினாள். ஸ்ரீமதி. விழா பார்க்க ஆசைப்பட்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாளாம். கோர்ட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாளாம்.

தைலம்மாள் கையில் மைக்கைக் கொடுத்து, நன்றியாக இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் வக்கீலையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. ஸ்ரீமதியைப் பார்த்துக் கேட்டாள்.

"வக்கீலம்மா, நீங்க இங்க இருக்கீங்களே. அங்க எங் கேஸுக்கு யாரு இருக்கா?"

ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. விழாவை நடத்திக்கொண்டிருந்தவர் கெட்டிக்காரர். உணர்ச்சிப் பெருக்கில் அம்மாவுக்கு வார்த்தை தடுமாறுகிறது, பலத்த கரகோஷம் என்றார். ஜனம் தட்டித் தீர்த்தது. அவள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பொன்னாடையை வாங்கி, சொன்னபடி வக்கீல் தோளில் போர்த்தினாள்.

அந்த நேரத்தில் சிதம்பரம் கோர்ட்டில் அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்க நாதியில்லை. ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டது. வீடு ராமாமிர்தத்துக்கு.

மறுநாள் அவள் ஆபீசுக்குப் போனபோது, விருதுக் கேடயத்தை எந்தப் பக்கம் வைத்தால் வாசலிலிருந்து தெரியும் என்று நடனசபாபதி பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே படவில்லை, பெரிய மனுஷன்.

"பயப்படாத தைலம்மா. தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி ஒரு மனு போட்டுடலாம். அதுக்கும் உங்கிட்ட பைசா வாங்க மாட்டேன்."

தைலம்மாள் காதிலிருந்த தோடு இரண்டையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"பீஸ வாங்கிக்கங்கய்யா. வாங்கிக்கிட்டு கோர்ட்டுக்கு வாங்க."

அவர் தோட்டைத் தொடவில்லை. தொட்டால் போக வேண்டியிருக்குமே.

அவள் அதை எடுத்துக்கொண்டு எதிர்ச் சாரியில் இருந்த செந்தமிழ்செல்வனிடம் போனாள். சேவை, கருணை என்றெல்லாம் பேசத் தெரியாத வக்கீல் அவர். தோட்டை வாங்கி உள்ளே வைத்தார். வாய்தாவுக்கு வாய்தா வந்து நின்றார். தீர்ப்பை ரத்து செய்ய வைத்து, கேஸை மறுபடி நடத்தினார். தைலம்மாள் ஓட்டை விழுந்த காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு கூண்டேறினாள். வீடு அவளுக்கே என்று தீர்ப்பாயிற்று.