ஷெட்டுக்குப் போனால் மட்டும் ரீஸ்டார்ட்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் "முழுசா செத்துப்போச்சு" என்று வருகிற பெட்டியைக் கண்டால் எனக்குக் கொண்டாட்டம். "நல்லாத்தான் ஓடுது, திடீர் திடீர்னு தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது" என்று வருவதைக் கண்டால்தான் பயம்.

செத்தது பொய் சொல்லாது. இது சொல்லும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்ல பிள்ளையாக ஓடும், காபி குடிக்க எழுந்து போனால் படுத்துவிடும். பாதி டைப் அடித்ததை விழுங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி முதலில் இருந்து கிளம்பும் பெட்டி ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அதை நீங்கள் திட்டிய வார்த்தைகள் எனக்கும் தெரியும். நானும் அதையேதான் திட்டுவேன், கஸ்டமர் எதிரில் இருப்பதால் மனசுக்குள்.

என் பெயர் சுதா. ஓசூரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை, ஒரு ஸ்கூட்டி, தோளில் ஒரு பை. ஒரே வாரத்தில் என்னை ஆட்டிவைத்த ஒரு பெட்டியின் கதை இது. நடுவில் வேறு இரண்டு பெட்டிகளும் வரும், அவையும் இதே வியாதிக்காரர்கள்தான்.

கடைக்கு வந்தால் சமத்து

திங்கட்கிழமை காலையில் முருகேசன் அண்ணன் போன் செய்தார். விருதுநகர் பக்கத்துக்காரர். ஒரு ஃபேக்டரியில் ரொம்ப வருஷம் டை ஃபிட்டராக இருந்து, வேலையை விட்டுவிட்டு, சிப்காட் ஓரமாக ஷெட் பிடித்து, மனைவி மல்லிகா அக்காவோடு சொந்தமாக டூல் ரூம் போட்டிருக்கிறார். இரும்புக் கட்டையைக் குடைந்து அச்சு செய்கிற வேலை. குடைகிற மிஷின் பழசு, அதற்கு ஞாபகசக்தி கம்மி. பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்தான் "இங்க வெட்டு, இப்ப அங்க வெட்டு" என்று கேபிள் வழியாக வரி வரியாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் நின்றால் மிஷினும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அவருக்கு முதன்முதலாகப் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்துவிட்டது. "ரஃப் கட்டிங்க நிக்க நிக்க ஓட்டி எப்படியோ முடிச்சுட்டேன் தங்கச்சி. ஃபினிஷிங்ல அப்படி முடியாது. நடுவுல நின்னா அந்த இடத்துல கோடு விழுந்துரும். கோடு விழுந்தா கட்டை போச்சு, கட்டை போச்சுன்னா ஆர்டர் போச்சு. வெள்ளிக்கிழமை பாக்க வர்றாங்க. இதுவும் போச்சுன்னா நான் திரும்ப ஷிப்டுக்குத்தான் போகணும்" என்றார். சத்தமே போடாமல் சொன்னார், எனக்குத்தான் உள்ளே பதறியது. "அதென்ன பிரமாதம்ணா, நாளைக்கே ஓட வெக்கிறேன்!" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும்.

பெட்டியைக் கடைக்குத் தூக்கி வந்தேன். உள்ளே ப்ளோயர் போட்டுத் தூசியை விரட்டினேன். வெளியே ஷெட்டின் எண்ணெய்ப் பிசுக்கு அப்பிக் கிடந்தது. முன்பக்கம் மல்லிகா அக்கா வைத்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை ஆனால் எல்லா மிஷினுக்கும் பொட்டு உண்டு, பொட்டு இல்லாத மிஷினைப் பார்த்தால் ஓனருக்கும் அதற்கும் ஏதோ தகராறு என்று அர்த்தம். சாமிக்கு வைத்ததை அழிக்கலாமா? அதை மட்டும் விட்டுச் சுற்றிலும் பளபளவென்று துடைத்தேன். நாள் பூராவும் ஓடவிட்டேன். பாட்டுப் போட்டேன், படம் போட்டேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. செவ்வாய் காலையில் ஜம்பமாகக் கொண்டுபோய் மாட்டினேன். மிஷினில் வெட்டுகிற கருவியைக் கட்டைக்கு மேலே தூக்கி வைத்து, இரும்பைத் தொடாமல் சும்மா காற்றில் ஓட்டிப் பார்த்தார் அண்ணன். டீ வருவதற்குள் ரீஸ்டார்ட்! மல்லிகா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒன் கடையில சமத்தா இருக்கு, எங்க ஷெட்டுல மட்டும் ஆட்டம் போடுது. பேசாம ஷெட்டைப் பேத்து ஒன் கடைக்குள்ள வச்சிருவோமா சுதா?"

தளியில் வந்த வெளிச்சம்

அன்று மத்தியானம் தளிக்குப் போக வேண்டியிருந்தது. ஓசூரில் வேர்த்துக்கொண்டு கிளம்பினால் தளியில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். அங்கே நாகப்பா என்பவர் ரோஜா வளர்க்கிறார். பூப்பெட்டிகளில் ஒட்டுகிற லேபிளை அடிக்க ஷெட்டில் ஒரு கம்ப்யூட்டர். "ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, நான் சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் தமிழுக்கு வந்துவிட்டார். "சும்மா சும்மா கண்ணு மூடித் தொறக்குது மேடம்." இங்கேயுமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். வெளியே யாரோ போர்வெல் மோட்டாரைப் போட்டார்கள். தலைக்கு மேல் டியூப் லைட் ஒரு நொடி மங்கியது, பெட்டி ரீஸ்டார்ட் ஆனது. நான் எழுந்து குதித்தேன், நிஜமாகவே குதித்தேன். மோட்டார் கிளம்பும்போது கரண்டை மொத்தமாக இழுத்துக்கொள்கிறது, கம்ப்யூட்டருக்கு மிச்சம் இல்லை! அப்படியானால் முருகேசன் அண்ணன் ஷெட்டிலும் இதேதான்! "மோட்டாருக்குத் தனி லைன் இழுங்க, கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வைங்க. அதுவரைக்கும் லேபிள் அடிக்கும்போது மோட்டாரை நிறுத்திடுங்க" என்று படபடவென்று சொல்லிவிட்டுப் பையை மாட்டினேன். நாகப்பா என் அவசரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மோட்டார் நின்னா ரோஜா வாடிப்போகும், கம்ப்யூட்டர் நின்னா நீங்க வருவீங்க. எது நின்னா எனக்கு நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க மேடம்."

ராயக்கோட்டையில் ஒரு ஜிப்பு

அந்த வெளிச்சம் சாயங்காலம் வரைகூட எரியவில்லை. கடையில் இருந்த நல்ல யூபிஎஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பறந்தேன். மாட்டினோம், ஓட்டினோம், ரீஸ்டார்ட். யூபிஎஸ் மட்டும் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கரண்டில் குறை இல்லை. அண்ணன் கட்டை மேல் போர்த்தியிருந்த துணியைச் சரி செய்துவிட்டு வெளியே போய் நின்றார். எனக்கு அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் இருந்து சீனிவாசன் கூப்பிட்டார். பெரிய மண்டிக்காரர், எந்த பாஷையில் பேச ஆரம்பித்தாலும் தெலுங்கில்தான் முடிப்பார். அவர் கம்ப்யூட்டரும் அரை மணிக்கு ஒரு தடவை அணைகிறதாம். போய்ப் பார்த்தால் பெட்டியையே காணோம். மேஜைக்கு அடியில் பூப்போட்ட துணியில் ஒரு மூட்டை. மண்டித் தூசி படக்கூடாது என்று அளவெடுத்து உறை தைத்து, ஜிப்பு வைத்து, மேலே வரை இழுத்துப் பூட்டியிருக்கிறார்கள்! ஜிப்பைத் திறந்தேன், அடுப்பைத் திறந்தது மாதிரி முகத்தில் அனல் அடித்தது. சூடு! மறுபடியும் எனக்குக் குஷி பிறந்துவிட்டது. ஷெட்டும் தகரக் கூரைதானே! "காத்து போகலைன்னா இது எப்படிங்க மூச்சு விடும்?" என்று கேட்டேன். அவருக்கு வந்த ரோஷத்தில் தெலுங்குகூட மறந்துவிட்டது.

"தக்காளியைக் காத்தாட வெக்கணும்னு எனக்குத் தெரியாதாம்மா? இது தக்காளி இல்லையேன்னுதான் பொத்திப் பொத்தி வெச்சேன்!"

உள்ளே எல்லாம் புதுசு

ராயக்கோட்டையில் இருந்து நேரே ஷெட். பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன், ப்ராசஸருக்குச் சூட்டை இழுக்கிற பேஸ்ட்டைப் புதுசாகப் போட்டேன், டேபிள் ஃபேனைத் திருப்பி அதன் மேலேயே வைத்தேன். உள்ளே தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஜில்லென்று இருந்துகொண்டே ரீஸ்டார்ட் ஆனது! என்ன கோளாறு என்று சொல்கிற நீலத் திரையாவது வந்திருந்தால் எதையாவது பிடித்துக்கொள்வேன். அதுவும் வராது. சொல்லாமல் கொள்ளாமல் போகும், சிரித்துக்கொண்டே திரும்ப வரும்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. வியாழன் காலையில் கடையில் இருந்த உதிரிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். வேறு கம்ப்யூட்டரையே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அந்தப் பழைய மிஷின் கேபிளைச் சொருகுகிற இடம் புதுப் பெட்டிகளில் இல்லை. அந்த இடம் உள்ள பழைய மதர்போர்டு ஒன்று என் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது, அதையும் எழுப்பிக் கொண்டு வந்தேன். பவர் சப்ளையை மாற்றினேன், ரீஸ்டார்ட். ரேமை மாற்றினேன், ரீஸ்டார்ட். ஹார்ட் டிஸ்க், கடைசியாக அந்த போர்டு. ஒவ்வொரு தடவையும் காற்றில் ஓட்டிப் பார்ப்பதும், மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், திரை கறுப்பாவதும்! மத்தியானம் ஆகிவிட்டது. இப்போதே ஃபினிஷிங்கை ஆரம்பித்தால்தான் காலைக்குள் கட்டையைக் கழுவித் துடைத்துக் காட்ட முடியும். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய ஃபேக்டரி சூப்பர்வைசரின் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். மல்லிகா அக்காதான் வாயைத் திறந்தார்.

"உள்ள இருக்கதெல்லாம் மாத்தியாச்சு. இனி மாத்தணும்னா நீயும் நாங்களும்தான் மிச்சம்."

தகரம் மட்டும் பழசு

அட, ஆமாம்! உள்ளே இருப்பதெல்லாம் மாற்றியாகிவிட்டது. மாற்றாதது எது? வெளியே இருக்கிற தகரப் பெட்டி! வெறும் தகரம் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. ஆனால் அதில் இரண்டு பட்டன் இருக்கிறது. ஒன்று ஆன் பண்ண. இன்னொன்று, நாம் யாருமே தொடாத சின்ன ரவுண்டு பட்டன், ரீஸ்டார்ட் பண்ண.

அந்தச் சின்னப் பட்டனில் இருந்து போர்டுக்குப் போகிற மெல்லிய ஒயரை மட்டும் உருவினேன். "அண்ணா, ஓட்டுங்க!" மிஷின் உறுமியது, தரை அதிர்ந்தது, மேஜை அதிர்ந்தது. பெட்டி ஓடியது. டீ வந்தது, ஆறியது, பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது! குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தேன். ரவுண்டு பட்டனைக் காணோம். அதன் மேல்தான் மல்லிகா அக்காவின் சந்தனப் பொட்டு உட்கார்ந்திருந்தது. சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பட்டனைப் பாதி அமுங்கின நிலையிலேயே இறுக்கிப் பிடித்திருக்கிறது. மிஷின் ஓடி அதிரும்போதெல்லாம் மீதிப் பாதியும் அமுங்கும், ரீஸ்டார்ட். என் கடையில் அதிர்வும் இல்லை, ஆட்டமும் இல்லை. சுற்றிலும் பளபளவென்று துடைத்த மகராசி, அந்த ஒரு இடத்தை மட்டும் பக்தியோடு விட்டுவைத்திருக்கிறேன்!

மல்லிகா அக்கா முகம் செத்துப்போய்விட்டது. "எப்பவும் மானிட்டருக்குத்தான் வைப்பேன் சுதா. ஆர்டர் வந்த சந்தோசத்துல, ஊட்டுறது இந்தப் பெட்டிதானே, இதுக்கும் வைப்போம்னு... அந்த ரவுண்டு நெத்தி மாதிரியே இருந்துச்சு, கெட்டியாக் கொழச்சு வச்சேன். என் கையாலயே கெடுக்கப் பாத்தேனே!" அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "ஏ, அழுவாத. நீ வைக்கும்போது நானும் கையெடுத்துக் கும்பிட்டுத்தானே நின்னேன்" என்றார் அண்ணன். துணியை எடுத்தார், கருவியைக் கட்டையின் மேல் இறக்கினார். இந்தத் தடவை காற்றில் இல்லை, இரும்பில். நாங்கள் யாரும் உட்காரவில்லை. நான் திரையைப் பார்த்தேன், அக்கா கட்டையைப் பார்த்தார், அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பொழுது சாய்கிற நேரத்தில் மிஷின் தன் வேலையை முடித்துக்கொண்டு தானாகக் கருவியை மேலே தூக்கியது. ஐயோ, நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஷெட்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அண்ணன் எண்ணெயைத் துடைத்தார், குழியில் விரலை வைத்து மெல்லத் தடவினார், மறுபடியும் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

"கோடு எங்கயாச்சும் தட்டுப்படுதா சொல்லுங்க தங்கச்சி. என் கை நடுங்குது, எனக்குத் தெரியல."

வெள்ளிக்கிழமை

தட்டுப்படவில்லை. மறுநாள் ஆர்டர் கொடுத்த கம்பெனியில் இருந்து வந்த இன்ஸ்பெக்டருக்கும் தட்டுப்படவில்லை. அவர் டார்ச் அடித்துப் பார்த்து, அளந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போன பிறகு அண்ணன் அந்த சூப்பர்வைசர் நம்பரை என் எதிரிலேயே போனில் இருந்து அழித்தார். எனக்கு ஒரு சொம்பு நிறைய மோர் கிடைத்தது.

மல்லிகா அக்கா குளித்து முழுகிச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மிஷினுக்கு வைத்தார், மானிட்டருக்கு வைத்தார். பெட்டிக்கு முன்னால் மட்டும் கை அந்தரத்தில் நின்றது. "சுதா, அந்த ஒயரத் திரும்ப மாட்டிட்டியா?" "இல்லக்கா. அந்தப் பட்டன் இனிமே சும்மா பேருக்குத்தான் இருக்கு." "அப்ப அமுக்குனாலும் ஒண்ணும் ஆகாது?" "அமுக்கிக்கிட்டே இருந்தாலும் ஒண்ணும் ஆகாது." அக்கா முகம் மலர்ந்தது. கிண்ணத்தில் இருந்த சந்தனம் மொத்தத்தையும் வழித்து எடுத்தார்.

"அப்ப அது சாமிக்குன்னே எழுதி வச்ச எடம், இந்த வாரம் நல்லாப் பெருசாவே வைக்கிறேன்."

இப்போதெல்லாம் எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அப்புறம் சாமி எந்தப் பட்டன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுகிறேன்.