மாமா காட்டிய வீடு

முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாத ஆணுக்கு எங்கள் பக்கம் ஊரே தரகர்தான். டீக்கடையில் போய் நின்றால் கிளாஸ் கைக்கு வருவதற்குள் ஜாதகத்தைக் கேட்பார்கள். ஜாதகமெல்லாம் எனக்கு ஜோராகப் பொருந்தும். பெண் வீட்டார் வீடு பார்க்க வரும் அன்றுதான் எல்லாம் கவிழும். நான் குடியிருந்தது சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறை, அதுவும் வாடகைக்கு. வந்தவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல், "சொல்லியனுப்பறமுங்க" என்று கிளம்பிவிடுவார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் தேடி அலுத்து, ஆத்தூர்ப் பக்கம் ஒரு பெண் அமைந்தபோது, என் தாய்மாமன் ஒரு முடிவோடு வந்து உட்கார்ந்தார்.

"நீ வேல செய்யற எடத்துல அத்தன ஊடு சும்மாதானடா கெடக்குது?"

நான் வேலை செய்தது அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு தோப்பில். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் சம்பாதித்த முதலாளி ஒருவர், இடிக்கப்போகும் பழைய மரவீடுகளை ஊர் ஊராக வாங்கி, தூண் தூணாகப் பிரித்து லாரியில் ஏற்றிவந்து, இங்கே திரும்ப நிறுத்தி வைத்திருந்தார். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். வீடுகளைக் கூட்டி, மரத்துக்கு எண்ணெய் பூசி, வருகிறவர்களிடம் "தொடாதீங்க, தொடாதீங்க" என்று கத்துவது என் வேலை. திங்கட்கிழமை விடுமுறை. மாமா குறித்ததும் அந்தத் திங்கட்கிழமையைத்தான்.

"வேல போயிரும் மாமா" என்றேன்.

"வேல போனா வேற வேல. இந்தப் பொண்ணும் போனா, வேற பொண்ணு எங்கடா இருக்குது?"

கல்யாணத்துக்குப் பிறகு அவளை எங்கே குடிவைப்பது என்று கேட்டதற்கு, தாலி ஏறட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்.

பெண்ணும் அவள் அம்மாவும் பின்கேட் வழியாக வந்தார்கள். இருப்பதிலேயே பெரிய வீடாகப் பார்த்து, தொடாதீர் பலகைகளையெல்லாம் நெல் குதிருக்குள் போட்டு வைத்திருந்தார் மாமா. அந்தம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். கூரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

"அசந்துட்டாங்கடா" என்று மாமா என் விலாவில் இடித்தார்.

உள்ளே வந்ததும் பெண்தான் முதலில் கேட்டாள். "உத்தரத்துல எதுக்குங்க பெயிண்ட்டுல நம்பர் போட்டிருக்கு?"

பிரித்த மரத்தைத் திரும்பக் கோப்பதற்காகப் போட்ட நம்பர் அது. மாமா அசரவில்லை. "கரையான் மருந்து அடிச்சதுக்கு அடையாளமுங்க."

"தூணுக்கும் போட்டிருக்கே?"

"கரையான் தூணை மட்டும் உட்டுருமுங்களா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துப்போயிற்று.

அந்தம்மா கதவு நிலையில் இருந்த ஒரு வெட்டை விரலால் தடவினார். "இது எப்படிங்க வந்துச்சு?"

"அதுங்களா! இவங்கப்பனோட பாட்டன் காலத்துல திருடன் பூந்துட்டானுங்க. அவன் அருவாள வீச, பாட்டன் குனிய, நெலையில உழுந்துது வெட்டு. ஏழு தலைமுறையா இருக்கற ஊடுங்களே, சும்மாவா?"

"அப்படிங்களா? சின்னதுல எங்கண்ணன்கூடச் சண்டை போட்டு நான் அருவாமணையத் தூக்கி வீசினேன், அதுல வந்த வெட்டுன்னுல்ல இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

மாமா இரண்டடி பின்னால் போனார். முதலாளி வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்தது அந்தம்மா பிறந்த வீட்டை. விற்றது அவருடைய அண்ணன்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? "இது என் ஊடில்லீங்க. நான் இங்க கூட்டிப் பெருக்கறவன். என் ஊடு அதா, எதுத்தாப்பல தெரியற ஷீட் போட்ட ஊடுங்க" என்றேன். அவமானத்தில் காது சுட்டது. பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

"நிலைக்கு எண்ணெய் பூசுறது யாரு?"

"நாந்தானுங்க. வேப்பெண்ணெய்."

"பால் இருக்கா?"

"எதுக்குங்க?"

"பொறந்த வீட்டுக்கு வந்துட்டு வாய் நனைக்காம போகச் சொல்றீங்களா?"

ஓடிப்போய் என் வீட்டிலிருந்து பால், காப்பித்தூள் எல்லாம் கொண்டுவந்தேன். திரும்பி வந்தால், அந்தம்மா காட்சிக்கு அடுக்கியிருந்த விறகை உருவி அடுப்பே மூட்டிவிட்டார்! தோப்புக்குள் பீடி பற்றவைத்தாலே சீட்டுக் கிழியும். இங்கே ஓட்டு இடுக்கெல்லாம் புகை. நானோ தடுப்பதை விட்டுவிட்டுப் பால் பாத்திரத்தை நீட்டினேன். லீவு நாளிலும் முன்வாசல் ஆபீசில் கணக்குப் பார்க்க வந்திருந்த மேனேஜர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்.

"ஆருய்யா அடுப்பப் பத்த வெச்சது? அந்தம்மா ஆரு?"

"எங்க மாமியாருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மாமா தூணைப் பிடித்துக்கொண்டார். பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மூன்று பேரும் அந்தம்மாவைப் பார்த்தோம். அவர் நிமிரவே இல்லை, ஊதுகுழலால் இன்னொரு ஊது ஊதினார்.

"பால் பொங்குது. வேடிக்கை பாக்காம அந்தத் துணிய எடுங்க மாப்பிள்ளை" என்றார்.