மதுராவை வெளியே எடுப்பார்களாம்

டொரொன்டோவில் என் மகள் மதுரா படிக்கும் பள்ளியிலிருந்து தினமும் ஒரு துண்டுக் காகிதம் வருகிறது. "இன்று ஆறு முறை ஜன்னலைப் பார்த்தாள். மூன்று சொற்களை எழுத்து மாற்றி வாசித்தாள்." என் பிள்ளை ஜன்னலைப் பார்ப்பதை எண்ணுவதற்கென்றே ஒருவரை வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் டோனா. வகுப்பில் மதுராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு எதையாவது எழுதிக்கொண்டே இருப்பார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. காகிதங்களைத் திகதி பார்த்து அடுக்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் என் கையிலும் ஆதாரம் இருக்கட்டும்.

போன மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். மதுராவுக்கு வாசிப்பதில் சிரமம் இருப்பதாகவும், தினமும் அரை மணி நேரம் வகுப்பிலிருந்து "புல் அவுட்" செய்யப் போவதாகவும் டோனா சொன்னார். பல்லைப் பிடுங்குவதற்குத்தான் அந்தச் சொல்லை நான் கேட்டிருக்கிறேன். "என் மகளைப் பள்ளியை விட்டு அனுப்ப விடமாட்டேன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். அவர் பதறிப்போய், "அனுப்பவில்லை, உதவிதான் செய்கிறோம்" என்றார். உதவி என்றால் எதற்கு வெளியே கொண்டுபோக வேண்டும்? கையெழுத்துப் போடாமல் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னை ஊரில் அறிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். கண்டியில் ஒன்பது வருடம் டீச்சராக இருந்தவள் நான். ஆறாம் தரத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். அவர்களில் நுஸ்ரா என்றொருத்தி கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் பேசும்போது கண் இமைக்காமல் என் வாயையே பார்ப்பாள். எனக்கு அது திமிராகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த திலகா அடிக்கடி நுஸ்ராவின் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதுவாள். சொல்வதெழுதுதலில் இருவருக்கும் ஒரே பிழைகள். பார்த்து எழுதுகிறார்கள் என்று முடிவுகட்டி, நுஸ்ராவைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வாரம் அவளுடைய கொப்பியில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த வாரம் அவளே வரவில்லை.

திலகாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அவளுக்கு காது கேக்காது டீச்சர். நீங்க சொல்றதத்தான் கையில எழுதிக் காட்டுவேன். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அவங்க உம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க" என்று அழுதாள். பல மாதங்களாக அந்த வகுப்பில் டீச்சர் வேலையைத் திலகாதான் பார்த்திருக்கிறாள். நான் அதை ஏமாற்று என்று நினைத்திருக்கிறேன்.

அன்றே கெலிஓயாவுக்குப் போனேன். நுஸ்ராவின் உம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"என்னத்துக்கு வந்தீங்க டீச்சர்? புள்ளைக்குக் காய்ச்சல்."

"காது விஷயம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் காட்டினா..."

"காட்டினா காது கேக்காதுன்னு துண்டு எழுதுவாங்க. துண்டக் கண்டா பிரின்சிபல் விசேட வகுப்புல போடுவார். அத ஊருல என்ன பேரு சொல்லிக் கூப்புடுறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? அவட தங்கச்சிமாரும் இருக்காங்க, அந்தப் பேரு அவங்களுக்கும் ஒட்டும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேற வகுப்புக்கு மாத்த மாட்டேன்னு எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். வாங்கி இரண்டு தடவை வாசித்தார். மறுவாரம் பேராதனை ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். வலது காதில் கேட்கும் சக்தி அநேகமாக இல்லை, இடது காதில் கொஞ்சம் இருந்தது. சில மாதங்களில் அந்தக் காதுக்குக் கருவி கிடைத்தது. அதற்கு முன்பே நுஸ்ராவை முன்வரிசையில் திலகாவோடு உட்காரவைத்திருந்தேன். வகுப்புக்குத் திரும்பி வந்த முதல் நாளே அவள் என் மேசைக்கு வந்து சொன்னாள்: "டீச்சர், போர்டப் பார்த்துக்கிட்டுப் பேசாதீங்க. அப்ப நீங்க இல்லாமப் போயிடுறீங்க."

எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் யாரும் சொல்லித் தராத பாடம் அது. ஆனாலும் உம்மா கடைசிவரை என்னை முழுதாக நம்பவில்லை. பள்ளி விடும் நேரத்தில் வாசல் கேட்டடியில் நின்று, மகள் எந்த வகுப்பிலிருந்து வெளியே வருகிறாள் என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அப்போது எனக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது. இப்போது அவரை நினைத்தால் கோபமே வருவதில்லை.

நேற்று நானே பள்ளிக்குத் தொலைபேசி எடுத்து நேரம் கேட்டேன். இன்று போனேன். கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். எந்த அரை மணி நேரம்? அப்போது வகுப்பில் என்ன நடக்கும்? மற்றப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள்? டோனா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு மட்டும் சிரிக்காமல் யோசித்தார். "அதை நாங்கள் யோசிக்கவில்லை. நீங்கள் ஆசிரியராக இருந்தீர்களா?" என்று கேட்டார். இந்த நாட்டில் முதன்முதலாக ஒருவர் என்னிடம் அதைக் கேட்டார். ஒரு பள்ளித் தவணைக்கு மட்டும் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சந்தேகம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று அந்தக் கூட்ட அறைக்குள் நுழைந்தபோது நீள மேசையின் ஒரு பக்கம் ஆசிரியர்கள் இருந்தார்கள். என் கால்கள் பழக்கத்தில் அந்தப் பக்கமே போயின. டோனா எழுந்து, எதிர்ப்பக்கத்தில் பெற்றோருக்குப் போட்டிருந்த கதிரையைக் காட்டினார். நான் அதை இழுத்து, இரண்டு பக்கமும் சேராத மேசையின் மூலையில் போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் மேசைக்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. பேசி முடியும்வரை அங்கிருந்து நகரவில்லை.